கிழக்கு எல்லை

சிமியோன் கேட்டதும் நான் யோசிக்காமல் ஓம் என்று சொல்லிவிட்டேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. எங்கள் வளவுக்கும் அவன் வளவுக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலி. அதில் அவன் வந்து போவதற்கென்றே ஒரு பொட்டு, ஆள் குனிந்து நுழையும் இடைவெளி, இருக்கிறது. மற்ற நாட்களில் அதற்குள்ளால் மீன் கோவையோடு வருபவன், அன்று ஒழுங்கையைச் சுற்றி வந்து படலையைத் திறந்தான். பூசைக்குப் போட்ட வெள்ளைச் சேட்டைக்கூடக் கழற்றவில்லை. அதிலேயே ஏதோ பெரிய விஷயம் என்று தெரிந்தது.

"அண்ணை, ஒண்டு கேக்கோணும். கோவிக்கப்படாது."

"கேளன்."

"மகள் றெஜினாவுக்கு ஒரு இடம் பொருந்தியிருக்கு. குருநகர்ப் பொடியன், றோய் எண்டு பேர். இஞ்சின் வேலையும் தெரியும், கடலும் தெரியும்."

"நல்லதுதானே."

"நல்லதுதான். ஆனா அவை வளவு கேக்கினம். என்ரை வளவு உங்களுக்குத் தெரியும். எந்த மூலையிலை கிண்டினாலும் உப்பு. உங்கடை மேற்குப் பக்கத்திலை, கிணத்தோடை சேத்து ஒரு ரண்டு பரப்புத் தந்தியளெண்டா... ஊர் விலைக்குத்தான் கேக்கிறன் அண்ணை, சும்மா இல்லை."

"ஓம், தாறன்" என்றேன்.

அவன் இன்னும் கொஞ்சம் கதைக்க ஆயத்தமாக வந்திருக்க வேண்டும். திறந்த வாயை மூடாமல் நின்றான். "மனுசி நம்பமாட்டா" என்று மட்டும் சொல்லிவிட்டு, வந்த வழியை மறந்து வேலிப் பொட்டுக்குள்ளால் ஓடினான். வெள்ளைச் சேட்டில் ஒரு கிடுகு கீறியது.

கேத்திலை அடுப்பில் வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்தக் காணி என்னுடையது அல்ல. என் மகள் நிரூபாவுடையது.

மறந்துபோனேன் என்று சொன்னால் பிழை. மகளின் பொருளுக்கு மகளைக் கேட்காமல் வாக்குக் கொடுப்பது அப்பாமார் செய்கிற வேலைதான். அவள் இருந்திருந்தால் அன்று பின்னேரமே சொல்லியிருப்பேன். சண்டை பிடித்திருப்பாள். பிறகு றெஜினாவுக்குத்தானே என்று சம்மதித்திருப்பாள்.

மாதகல் கரையோரமாக இருக்கிற இந்த வளவு என் தகப்பன் வழி முதுசம். சமாதானம் என்று சொல்லி வன்னிப் பாதையைத் திறந்த காலத்தில், நானும் மனைவி யோகமும் நிரூபாவும் திரும்பி வந்து, கூரை இல்லாமல் நின்ற வீட்டைத் திருத்தினோம். நான் உபதபாலகத்தில் பழைய கதிரைக்கே போனேன். வீட்டுக்கு ஓடு போட்டு முடிந்த கையோடு யோகம் நச்சரிக்கத் தொடங்கினாள். ஒரே பிள்ளை. வளவையும் வீட்டையும் இப்பவே அவளுடைய பேரில் எழுதிவைத்தால்தான் நல்ல இடத்தால் கேட்டு வருவார்கள். எங்கள் இருவருக்கும் சீவிய உரித்து வைத்துக்கொள்ளலாம். இந்தப் பக்கத்தில் முக்கால்வாசிப் பெற்றோர் அப்படித்தான் செய்கிறார்கள். பேர் பிள்ளைக்கு; சாகும்வரை இருக்கிற உரிமை தாய் தகப்பனுக்கு.

சண்டிலிப்பாயில், பத்திரம் எழுதும் நொத்தாரிசு சோமசேகரத்தின் கந்தோரில் காணி உறுதியை எழுதி முடித்தோம். அவர் முழுவதையும் சத்தமாக வாசிப்பார். "தங்களிருவரதும் சீவிய காலம் வரைக்கும்" என்ற இடம் வந்ததும் நிரூபா என் பக்கம் திரும்பி மெல்லச் சொன்னாள்.

"அப்ப இனி என்ரை வீட்டுக்குள்ளை சுருட்டுப் பிடிக்கேலாது."

"என்ன பிள்ளை சொல்லுறா?" என்று சோமசேகரம் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"ஒண்டுமில்லை. வீட்டுக்காரி சட்டம் போடுறா" என்றாள் யோகம்.

அன்றிலிருந்து நான் சுருட்டை ஒழுங்கையில் நின்றுதான் பிடித்தேன். மழைக்கும் குடையோடு வெளியே போனேன். அவள் யன்னலுக்குள்ளால் எட்டிப் பார்த்துச் சிரிப்பாள்.

பிறகு அவளுக்குக் கிளிநொச்சிப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற வேலை கிடைத்தது. இரண்டாயிரத்து ஆறு ஆவணியில் அவளைப் பார்த்துவிட்டு வரலாம் என்று நானும் யோகமும் போனோம். நாங்கள் அங்கே நிற்கும்போது பாதையைப் பூட்டிவிட்டார்கள். உடுத்த உடுப்போடு போன நாங்கள் அங்கேயே இருந்தோம், பிறகு இடம்பெயர்ந்தோம், பிறகு மேலும் இடம்பெயர்ந்தோம். மாத்தளன் மணலில் நிரூபா எறிகணை பட்டு இறந்தாள். நானும் யோகமும் கையாலும் ஒரு தட்டாலும் கிண்டி அவளை அடக்கம் செய்தோம். அதற்கு மேல் அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

முகாமிலிருந்து வீடு வந்ததும், மரணத்தைப் பதியச் சொல்லிப் பலர் சொன்னார்கள். யோகம் மாட்டேன் என்றாள். அவளுக்கு நப்பாசை ஒன்றும் இல்லை. மணலைத் தட்டி மட்டமாக்கியவள் அவள்தானே. அவள் சொன்னது வேறு: "பதிஞ்சா உறுதியிலை பேர் மாறும். இப்ப நாங்கள் மகளின்ரை வீட்டிலை இருக்கிறம். அப்பிடியே இருப்பம்." வயதான காலத்தில் மகளோடு இருப்பதுதானே எங்கள் ஆட்கள் எல்லாரும் விரும்புவது. புதிதாக யாராவது விசாரித்தாலும், "மகளின்ரை வீட்டிலைதான் இருக்கிறம்" என்பாள். மகள் எங்கே என்று அவர்கள் கேட்க முதல் கதையை மாற்றிவிடுவாள்.

போன வருடம் தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் யோகமும் போனாள். மகளின் வீட்டில் நான் மட்டும் மிஞ்சினேன்.

சிமியோன் கேட்ட மறுநாள் சோமசேகரத்திடம் போனேன். தலை நரைத்திருந்தது, கந்தோர் அதே கந்தோர். பழைய உறுதியின் பிரதியை எடுத்து வாசித்துவிட்டுச் சொன்னார்:

"அண்ணை, உங்களுக்கு இருக்கிறது சீவிய உரித்து. இருக்குமட்டும் இருக்கலாம். தேங்காய் பிடுங்கலாம், தண்ணி அள்ளலாம், ஆருக்கும் குத்தகைக்கும் குடுக்கலாம். விக்கேலாது. விக்கிறதெண்டா சொந்தக்காரி வந்து கையெழுத்து..."

சொல்லிவிட்டுத்தான் அவருக்கு நினைவு வந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பிள்ளையின்ரை மரண அத்தாட்சிப் பத்திரம் எடுங்கோ. உங்கடை பக்கத்தாலை வந்த முதுசம். பிள்ளை கலியாணம் செய்யாமல் போனபடியா வந்த பக்கத்துக்கே திரும்பும். உங்கடை பேருக்கு மாத்தி, பிறகு நீங்கள் ஆருக்கும் எழுதலாம். கஷ்டமான வேலை இல்லை."

கஷ்டமான வேலை இல்லை என்று நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். பஸ்ஸில் வரும்போது, யோகம் இருந்தால் இந்த இருக்கையில் யன்னல் பக்கம் இருந்திருப்பாள் என்று நினைத்தேன். அவளுக்கு என்ன பதில் சொல்வது என்று நினைத்தேன்.

நான் ஒன்றும் செய்யவில்லை. கிழமைகள் போயின. சிமியோன் கயிறு பிடித்து அளந்து பார்த்தான். அவன் மனைவி லூர்த்தம்மா நண்டுக் கறியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "போஸ்ட்மாஸ்டரண்ணை, இதிலை உறைப்புக் குறைச்சுத்தான் போட்டனான், சாப்பிட்டுப்போட்டுச் சட்டியைக் கழுவாமல் தாங்கோ" என்று சொல்லிவிட்டுப் போவா. சட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போகக் கூச்சமாக இருந்தது. பொட்டடியில் வைத்துவிட்டு வந்தேன். காணி அளக்கச் சேவையரைக் கூட்டிவரட்டோ என்று சிமியோன் கேட்டபோதெல்லாம், "மழை விடட்டும்" என்றேன். மழை விட்டும் கன நாளாகியிருந்தது.

ஒருநாள் மாப்பிள்ளையின் தாய்மாமன் இன்னாசித்தம்பி வந்து இறங்கினார். கனத்த உடம்பு, கனத்த குரல். சிமியோனின் முற்றத்தில் கதிரை போட்டு என்னையும் கூப்பிட்டார்கள். போகாமல் இருக்க முடியவில்லை.

"போஸ்ட்மாஸ்டரே, இருங்கோ. வெத்திலை போடுவியளோ? சுருட்டா? அப்ப பத்த வையுங்கோ, இது வெளிதானே" என்றார். பிறகு முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டார். "நான் நேரை கதைக்கிறவன். காணிப் பதிவகத்திலை ஆளை விட்டுத் தோம்பு பாத்தனான். உந்தக் காணி உங்கடை பேரிலை இல்லை. ஒரு பெட்டையின்ரை பேர் கிடக்கு. ஆர் அவ? வெளிநாட்டிலையே? வந்து கையெழுத்து வைப்பாவே, இல்லாட்டி எங்களை அலைக்கழிக்கிறியளே?"

"அம்மான்" என்றான் சிமியோன்.

"என்ன அம்மான்? கலியாணம் முடிஞ்சு, வீடு கட்டி, பிறகு அவ வந்து இறங்கி என்ரை காணி எண்டு நிண்டா? ஆர் பதில் சொல்லுறது? நீ சொல்லுவியோ?"

"அவ வரமாட்டா" என்றேன்.

"ஏன் வரமாட்டா?"

குசினி வாசலில் நின்ற லூர்த்தம்மா அகப்பையோடு வந்து அவருக்கு முன்னால் நின்றா. "நிரூபா செத்துப்போச்சு. சண்டையிலை. போதுமே? இனித் தேத்தண்ணியைக் குடியுங்கோ."

இன்னாசித்தம்பி கதிரையில் அசைந்தார். பெரிய கையால் முகத்தைத் துடைத்தார். "எனக்கு ஆர் சொன்னது? ஒருத்தரும் சொல்லேல்லையே. அண்ணை, மன்னிக்கோணும்" என்றார். தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். எழும்பும்போதுதான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஆனா பேரை மாத்தினாப் பிறகுதான் நாள் வைக்கலாம். என்ரை தங்கச்சியின்ரை பிள்ளை. எனக்கும் வேறை வழி இல்லை."

அவர் போன பிறகு சிமியோன் என்னைப் பொட்டுவரை கூட்டிவந்தான். "விடுங்கோ அண்ணை. உங்கடை மனசு எனக்கு விளங்குது. தந்த வாக்கை நான் கேக்கேல்லை எண்டு நினையுங்கோ. வேறை இடம் பாப்பம்" என்றான். வேறு இடம் இல்லை என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இந்தக் கரையில் நல்ல தண்ணீர் உள்ள கிணறு எங்களுடையது மட்டும்தான். றெஜினா வேலிக்கு அப்பால் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றாள். எங்களைப் பார்க்காத மாதிரி நின்றாள்.

அடுத்த கிழமை நான் சண்டிலிப்பாய்க்குப் போனது, இந்த அலுவல் வேண்டாம் என்று சொல்லத்தான். சோமசேகரம் கேட்டுக்கொண்டிருந்தார். மேசையில் கிடந்த தடித்த கோவை ஒன்றைத் தட்டினார்.

"இது வழக்கு. இடம் பேர் சொல்லேலாது. சொந்தக்காரி வெளியிலை செத்து ஆண்டுக்கணக்கு, ஒருத்தரும் பதியேல்லை. தாய் தகப்பனும் போட்டினம். காணி அப்பிடியே கிடந்தது. பிறகு ஒரு நாள் சொந்தக்காரி வந்து கையெழுத்து வைச்சு வித்துப்போட்டா."

"செத்தவ எண்டியள்?"

"ஓம். ஆரோ ஒரு பொம்பிளையைச் சீலை உடுத்திக் கொண்டுவந்து இருத்தி, இவதான் அவ எண்டு சொல்லி, அவவின்ரை பேரைச் சொல்லி, அவவின்ரை பேரிலை அடையாள அட்டையும் காட்டி, கையெழுத்தும் வைப்பிச்சிருக்கினம். தேடிப்பாத்தா எல்லாம் கள்ளம். ஆனா உறுதி பதிஞ்சு கிடக்கு." அவர் குரலைத் தாழ்த்தினார். "அண்ணை, உங்களுக்குப் பிறகு ஆர் இருக்கினம்? கடற்கரைக் காணி. நல்ல தண்ணி. பேப்பரிலை உங்கடை பிள்ளை இப்பவும் உயிரோடைதான் இருக்கிறா. அதைப் பாத்துக்கொண்டு இருக்கிற ஆக்கள் இருக்கினம்."

நான் அந்தக் கதிரையைப் பார்த்தேன். நிரூபா அன்று இருந்த கதிரை அதுதானா தெரியாது, அந்த இடம் அதுதான். யாரோ ஒருத்தி அதில் வந்து இருந்து, நான்தான் மார்க்கண்டுவின் மகள் நிரூபா என்று சொல்லிப் பேனையைக் கையில் எடுக்கிறாள். அந்த நேரம் அவள் நிரூபா இல்லை என்று சொல்ல உலகத்தில் நான் இருக்கமாட்டேன்.

"என்ன செய்யோணும்?" என்று கேட்டேன்.

ஒரு சத்தியக் கடதாசி வேண்டியிருந்தது. இறந்தவரின் பெயர், வயது, இடம், திகதி, காரணம். சோமசேகரம் கேட்கக் கேட்க நான் சொன்னேன். காரணத்தை ஒரே சொல்லில் எழுதினார். பிறகு பேனையை நிறுத்தினார்.

"கண்ட சாட்சி ஆரும் இருக்கினமோ?"

"யோகம்."

"ம்."

"பக்கத்துப் பங்கரிலை இருந்த சனம் பிறகு ஒண்டும் மிஞ்சேல்லை."

"அப்ப கண்டது நீங்கள் ஒராள்தான்."

"ஓம்" என்றேன். அதுவரை நான் அதை அப்படி நினைத்துப் பார்க்கவில்லை. யோகம் இருந்தவரை அந்த இடம் எங்கள் இருவருக்கும் தெரியும். தென்னை எந்தப் பக்கம் சரிந்து நின்றது என்பதில்கூட நாங்கள் தர்க்கப்பட்டிருக்கிறோம். இனி நான் சொல்வதுதான் சரி. பிழை என்று சொல்ல ஆள் இல்லை.

என்னைத் தவிர வேறு கண்ட சாட்சி இல்லாதபடியால், பிள்ளையைத் தெரிந்த இரண்டு பேர், அதற்குப் பிறகு அவளை யாரும் காணவில்லை என்று ஒப்பமிட்டால் போதும், ஊர் அலுவலரான விதானையின் அறிக்கையும் சேரும் என்றார் சோமசேகரம். சிமியோனும் லூர்த்தம்மாவும் வந்தார்கள். வீட்டில் தனியே இருக்க மனமில்லை என்று றெஜினாவும் கூட வந்தாள்.

"எவ்வளவு காலமாப் பிள்ளையைத் தெரியும்?" என்று சோமசேகரம் கேட்டார்.

"எவ்வளவு காலமெண்டால்?" என்றா லூர்த்தம்மா. "பிறந்து பெருமூச்சு விடமுன்னம் தூக்கினவள் நான். யோகமக்காவுக்குப் பால் வரேல்லை எண்டு என்ரை மூத்தவனோடை சேத்து நான் குடுத்தனான். இதையும் எழுதுவியளோ?"

"அது தேவையில்லை அம்மா."

"தேவையில்லாட்டிலும் எழுதுங்கோவன். கிடக்கட்டும்."

எல்லாரும் சிரித்தோம். றெஜினா திடீரென்று சொன்னாள்: "எனக்கு நிரூபாக்கா இனிப்பு ரொபி தாறவ."

"எதுக்கு?" என்றேன்.

"நீங்கள் உள்ளுக்கை சுருட்டுப் பிடிக்கிறியளோ எண்டு பாத்துச் சொல்லச் சொல்லி. அவ கிளிநொச்சிக்குப் போனாப் பிறகும் பாக்கச் சொன்னவ. வரேக்கை மொத்தமாத் தருவன் எண்டு."

"அப்ப சொன்னனியோ?"

"பெரியப்பா ஒரு நாளும் பிடிக்கேல்லையே. எனக்கு நட்டம்" என்றாள்.

லூர்த்தம்மா அவள் தலையில் தட்டினா. நான் சோமசேகரம் காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தேன்.

மரண அத்தாட்சிப் பத்திரம் வந்த அன்று அதை யோகத்தின் படத்துக்குப் பின்னால் செருகினேன். எடுத்து வாசிக்கவில்லை.

அதன் பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தது. முதலில் காணி என் பேருக்கு வந்தது. சேவையர் வந்து கடற்கரை ஒதுக்கை விட்டு, மேற்குப் பக்கம் இரண்டு பரப்பைப் பிரித்துக் கல் நட்டார். கோடு கிணற்றின் நடுவால் போயிற்று. "கிணத்தை வெட்டேலாது, பங்கு எண்டு போடுவம்" என்றார். கப்பியை எந்தப் பக்கம் பூட்டுவது என்று சிமியோன் கேட்டபோது, உங்கள் பக்கம் பூட்டு என்றேன். விலையைப் பற்றிக் கதைக்க இருவருக்கும் கூச்சமாக இருந்தபடியால் அதைச் சோமசேகரத்திடம் விட்டோம்.

றெஜினாவின் உறுதி முடித்த அன்று கந்தோர் நிறைந்திருந்தது. இன்னாசித்தம்பி புதுச் சாரமும் சால்வையுமாக வந்து, என் பக்கத்துக் கதிரையைக் கேட்டு வாங்கி இருந்தார். சோமசேகரம் வழமைபோலச் சத்தமாக வாசித்தார். "வடக்கு எல்லை கடற்கரை ஒதுக்கு. மேற்கு எல்லை சிமியோனுக்கு உரித்தான காணி. தெற்கு எல்லை ஒழுங்கை. கிழக்கு எல்லை மார்க்கண்டுவுக்கு உரித்தான காணி..."

"கொஞ்சம் பொறுங்கோ" என்றேன். "பக்கத்துக் காணிக்காரர் மாறினா, பழைய பேரையும் போடுற வழக்கம் இருக்கல்லோ?"

"இருக்கு. முன்னர் இன்னாருக்கும் தற்போது இன்னாருக்கும் எண்டு போடுவம். கட்டாயமில்லை."

"கட்டாயமில்லாட்டிலும் போடுங்கோ."

சோமசேகரம் என்னைப் பார்த்தார். பிறகு இன்னாசித்தம்பியைப் பார்த்தார். பெண் வீட்டு உறுதியில் செத்த பிள்ளையின் பேரா என்று அவர் ஏதாவது சொல்லக்கூடும் என்று எல்லாருமே எதிர்பார்த்தோம். அவர் சால்வையைச் சரிசெய்தார்.

"போடுங்கோ" என்றார். "ஆர் எல்லையிலை இருக்கினம் எண்டு பிள்ளையளுக்குத் தெரியோணும்தானே."

அந்தப் பக்கத்தைத் திரும்ப அடித்துக்கொண்டு வரும்வரை காத்திருந்தோம். சோமசேகரம் மறுபடி முதலிலிருந்து வாசித்தார். "கிழக்கு எல்லை, முன்னர் மார்க்கண்டு மகள் நிரூபாவுக்கும் தற்போது மார்க்கண்டுவுக்கும் உரித்தான காணி." றெஜினா ஒப்பமிட்டாள். நான் ஒப்பமிட்டேன்.

என்னை வான் வண்டியில் ஏற்றி வந்து படலையடியில் இறக்கிவிட்டுப் போனார்கள். அவர்கள் வீட்டில் பலகாரம், சத்தம். வரச்சொல்லிக் கேட்டார்கள், களைப்பு என்று சொல்லிவிட்டேன்.

கதவைத் திறந்து உள்ளே வந்து கதிரையில் இருந்தேன். வீடு என்னுடையது. கலியாணம் செய்த காலத்திலிருந்து எத்தனையோ கூரைக்குக் கீழே இருந்திருக்கிறேன். தகப்பனின் வீடு, வாடகை வீடு, தறப்பாள், முகாம், பிறகு மகளின் வீடு. முன்பு என் பேரில் இருந்தபோதும் இதைத் தகப்பனின் வீடு என்றுதான் நினைத்தேன்; எனக்கென்று ஒரு வீடு என்று நினைப்பது இதுதான் முதல். சுருட்டை எடுத்துப் பற்ற வைத்தேன். கூடத்தின் நடுவில், மின்விசிறிக்குக் கீழே, புகை மேலே எழும்பிப் பரவியது. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

கிணற்றடியில் கப்பி கிரீச்சிட்டது. யன்னலுக்குள்ளால் பார்த்தேன். றெஜினா, காலையில் உடுத்த அதே சீலையோடு, தண்ணீர் அள்ளிக்கொண்டு நின்றாள். நான் என்னையறியாமல் சுருட்டைக் கதிரைக்குப் பின்னால் மறைத்தேன். அவள் திரும்பினால் யன்னலுக்குள் புகை தெரியும். திரும்புவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் திரும்பவில்லை. வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு, தன் காணிக்கு மேலால் நடந்து, பொட்டுக்குள் குனிந்து போய்விட்டாள்.

சுருட்டு அணைய முதல் எழும்பி ஒழுங்கைக்கு வந்து, மிச்சத்தை அங்கே நின்று பிடித்தேன்.